பிலிப்பைன்ஸின் 'தேசிய நடனம்' எது? விடைக்குப் பின்னால் நிற்கும் கலைஞர்கள்

பிலிப்பைன்ஸின் தேசிய நடனம் எது என்ற கேள்விக்குப் பொது அறிவுத் தொகுப்புகள் சிலவற்றில் 'டினிக்லிங்' என்ற மூங்கில் ஆட்டம் என்றும், வேறு சிலவற்றில் 'கரின்யோசா' என்ற விசிறி ஆட்டம் என்றும் விடை இருக்கும். இந்தக் குழப்பம் அந்நாட்டுப் பள்ளிப் பாடங்களிலேயே நெடுங்காலமாக இருந்து வருகிறது. சட்டப்படி பார்த்தால் இரண்டு விடைகளுமே தவறு. நர்ரா மரத்தையும் சம்பகீதா மலரையும் 1934ஆம் ஆண்டிலேயே தேசியச் சின்னங்களாக அறிவித்த அந்நாடு, பின்னர் கழுகையும் முத்தையும் அப்பட்டியலில் சேர்த்தது. 2009இல் சிலம்பத்தை ஒத்த 'அர்னிஸ்' என்னும் தடிச்சண்டையைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் சட்டம் இயற்றி ஏற்றது. ஆனால் எந்த நடனத்துக்கும் அத்தகைய தகுதியை அது வழங்கியதில்லை.

அரசு சட்டத்தின் வழியே செய்தது வேறு இரண்டு காரியங்கள். 1998இல் குடியரசுச் சட்டம் 8626 மூலம் 'பயனிஹான்' என்ற குழுவைத் தேசிய நாட்டார் நடனக் குழுவாக அறிவித்தது. 1972 முதல் தனிக் கலைஞர்களுக்குத் 'தேசியக் கலைஞர்' என்ற தகுதியை வழங்கி வருகிறது. நடனத்தை விட்டுவிட்டு, நடனத்தைச் சேகரித்தவர்களையும் மேடையேற்றியவர்களையும் அரசு பெயர் சொல்லிக் கௌரவித்திருக்கிறது. இதை நிர்வாகத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று உலகம் பிலிப்பைன்ஸ் மரபு என்று காணும் நடனமும் நாடகமும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள், பெயரும் ஊரும் தெரிந்த சிலரது முடிவுகளால் உருப்பெற்றவை. யார், எந்தக் கட்டத்தில், எதை எடுத்து எதை விட்டார் என்று தெரிந்தால்தான், அவற்றைச் சுற்றி அவ்வப்போது எழும் சர்ச்சைகளும் விளங்கும்.

முதலில் சில சொற்கள்

1. தேசியக் கலைஞர்: 1972 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மார்கோஸின் பிரகடனம் ஒன்றால் உருவான விருது. முதல் விருது ஓவியர் பெர்னாண்டோ அமோர்சோலோவுக்கு, அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. ஓய்வூதியம், மருத்துவ உதவி, மறைந்தால் அரசு மரியாதையுடன் வீரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் ஆகியவை இதில் அடங்கும்.

2. கமாபா: 'மக்களின் படைப்பாளி' என்ற பொருளில், கிராம, பழங்குடிக் கலைகளின் ஆசான்களுக்கென 1992இல் குடியரசுச் சட்டம் 7355 உருவாக்கிய தனி விருது. தேசியக் கலைஞர் விருதுக்கும் இதற்கும் இடையே 20 ஆண்டுகள் இடைவெளி இருப்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

3. சர்சுவேலா: ஸ்பானிய ஆட்சியின் இறுதிப் பகுதியில் வந்து சேர்ந்த, பேச்சும் பாட்டும் கலந்த இசை நாடகம். அதற்கு முன்பு செல்வாக்குடன் இருந்தது 'கொமெட்யா'. கிறித்தவ, இஸ்லாமிய அரசுகள் மோதும் கதைகளைச் செய்யுளில் நடித்துக் காட்டும் வடிவம் அது.

4. தொகுதி: பல ஊர் நடனங்களை ஒரே தலைப்பின்கீழ் அடுக்கி, இடைவெளியின்றி மேடையில் நிகழ்த்தும் முறை. கார்டியேரா மலைநாடு, ஸ்பானியச் செல்வாக்கைக் காட்டும் மரியா கிளாரா, முஸ்லிம் மிண்டனாவ், பழங்குடி, நாட்டுப்புறம் என்ற ஐந்து தொகுதிகளே இன்று பெரும்பாலான குழுக்களின் வாய்பாடு.

ஏட்டில் ஏறிய நடனம்

இந்த வரலாற்றில் முதல் இடம் பிரான்சிஸ்கா ரேயெஸ் அகினோவுக்கே உரியது. 1899இல் புலாக்கன் மாகாணத்தின் பொகாவேயில் பிறந்தவர். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். நாட்டார் நடனங்களையும் விளையாட்டுகளையும் பற்றிய ஆய்வேட்டை 1926இல் அளித்து முதுகலைப் பட்டம் பெற்றார். (பழைய நூல்களில் காணப்படும் பிரான்சிஸ்கா ரேயெஸ் டொலெண்டினோவும் இவரே. திருமண வழி மாறிய பெயரைக் கண்டு இருவர் என்று கொள்ளக்கூடாது.)

அமெரிக்க ஆட்சியில் வளர்ந்த அன்றைய நகரத்து இளைஞர்களிடம் அமெரிக்க ஆட்டங்களும் ஜாஸ் இசையும் செல்வாக்குப் பெற்றிருந்தன. கிராம நடனங்களை முதியவர்களே அறிந்திருந்தனர். 1934இல் பல்கலைக்கழகத் தலைவரான ஹோர்ஹே பொகோபோ நாட்டார் பாடல்களுக்கும் நடனங்களுக்குமான ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, பிரான்சிஸ்காவையும் இசையமைப்பாளர் அந்தோனியோ புவெனவெந்துராவையும் மாகாணங்களுக்கு அனுப்பினார். ஆடத் தெரிந்த முதியவர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் ஆடுவதைப் பார்த்து, இசையை ஒருவர் குறிக்க, அடவுகளை மற்றவர் குறித்தார். 1937இல் பல்கலைக்கழகத்துக்கென ஒரு நாட்டார் பாடல், நடனக் குழுவும் உருவானது.

அவரது பதிவுமுறையை அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. டினிக்லிங்கை எடுத்துக்கொள்வோம். லெய்டே தீவைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இந்த ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்பதடி நீளமுள்ள இரண்டு மூங்கில்கள் வேண்டும். அவற்றின் இரு முனைகளுக்கு அருகில் அடியில் கட்டைகள் வைக்கப்பட்டிருக்கும். முனைக்கு ஒருவராக இருவர் அமர்ந்து மூங்கில்களைப் பிடித்திருப்பர். மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்தில் முதல் எண்ணிக்கைக்கு மூங்கில்கள் ஒன்றோடொன்று மோதும். அடுத்த இரண்டுக்கும் விலகிக் கட்டையில் தட்டும். விலகும் நேரத்தில் ஆடுபவரின் கால் உள்ளே இருக்க வேண்டும், மோதும்போது வெளியே வந்துவிட வேண்டும். எண்ணிக்கை, கால் வைக்கும் இடம், ஆண் பெண் நிற்கும் திசை, உடுத்தும் உடை, இசைக்குறிப்பு என அனைத்தையும் வரிசைப்படுத்தி அவர் எழுதினார். அந்த ஊரை ஒருபோதும் பார்த்திராத ஓர் ஆசிரியரும் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்குக் கற்பித்துவிட முடியும்.

போருக்குப் பின் 1947இல் அரசுப் பள்ளிகளின் உடற்கல்விப் பிரிவில் மேற்பார்வைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது இந்த வாய்ப்பு நடைமுறையாயிற்று. நாட்டார் நடனம் உடற்பயிற்சி வகுப்பின் பாடமாகி, தீவுதோறும் பரவியது. ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவரது நடன நூல்கள் இன்றும் ஆசிரியர்களின் கைநூல். 1962இல் மகசேசே விருது பெற்றார். 1973இல் நடனத்துக்கான முதல் தேசியக் கலைஞர் ஆனார்.

விளைவு இரு முனை கொண்டது. அவர் பதிவு செய்திராவிட்டால் பல ஆட்டங்கள் அவற்றை ஆடிய கடைசித் தலைமுறையோடு போயிருக்கும். பதிவு செய்ததாலேயே, ஊருக்கு ஊர் வேறுபட்டு ஆடப்பட்ட ஒன்றின் ஒரேயொரு வடிவம் 'சரியான' வடிவமாக நிலைபெற்றது. கரின்யோசா இத்தனை பேருக்குத் தேசிய நடனமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்: விசிறியும் கைக்குட்டையும் கொண்டு ஆணும் பெண்ணும் ஒளிந்து நோக்கும் அந்த ஆட்டம் வகுப்பறைக்கு எளிது, அதனால் எல்லாரும் படித்தார்கள். பள்ளிக்கூடம் கொடுத்த தகுதியை மக்கள் சட்டம் கொடுத்த தகுதியாக எடுத்துக்கொண்டார்கள்.

மேடை கேட்டவை

ஏட்டிலிருந்து அரங்குக்கு நடனத்தைக் கொண்டுசென்றது பயனிஹான். மணிலாவின் பிலிப்பைன்ஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் ஹெலெனா பெனிடெஸ் 1957இல் அதை நிறுவினார். லுக்ரேசியா ரேயெஸ் உர்துலா நடன அமைப்பையும், லுக்ரேசியா காசிலாக் இசையையும், இசபெல் சாண்டோஸ் உடையையும் கவனித்தனர். அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் குழு பெரும் பாராட்டைப் பெற்றது. 1959இல் நியூயார்க்கின் வின்டர் கார்டன் அரங்கில் ஆடியது. சுதந்திரம் பெற்று 12 ஆண்டுகளே ஆன ஒரு நாட்டுக்கு வெளிநாட்டு அரங்கில் தன் முகம் இது என்று காட்ட ஒன்று கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

அரங்கு சில நிபந்தனைகளை விதிக்கும். உர்துலா அவற்றை மறைக்கவில்லை. தாம் செய்வது நாட்டார் நடனத்தை அரங்கக் கலையாக மாற்றுவது என்றே கொண்டார். மாற்றங்களை இப்படிப் பிரித்துக் காணலாம்:

1. காலம். திருமணத்திலோ அறுவடையிலோ இரவு முழுதும் நீளக்கூடிய ஓர் ஆட்டம் சில நிமிடங்களுக்குச் சுருங்கியது. சுருக்கும்போது திரும்பத் திரும்ப வரும் பகுதிகளே முதலில் வெட்டுப்படும். சடங்கில் அந்தத் திரும்பல்தான் உயிர்ப் பகுதி.

2. திசை. சுற்றி நின்று பார்த்த ஊரார் போய், ஒரே பக்கத்தில் அமர்ந்த பார்வையாளர் வந்தனர். வட்டங்கள் திறந்து வரிசைகளாயின.

3. ஆடுபவர். தொடக்கத்தில் ஆடியவர்கள் கல்லூரி மாணவியர். நிமிர்ந்த முதுகு, ஒரே அளவு கைவீச்சு, ஒரே புன்னகை என்ற பயிற்சி ஒழுங்கு வந்து சேர்ந்தது.

4. வேகம். தொகுதியின் முடிவில் கைதட்டல் வேண்டும். ஆகவே தாளம் படிப்படியாக ஏறி உச்சத்தில் முடியும் அமைப்பு ஏறக்குறைய விதியாயிற்று. சுற்றுலா விடுதிகளில் இன்று டினிக்லிங் ஆடப்படும் கடும் வேகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சிங்கில் ஆட்டத்தைச் சுற்றிய சர்ச்சை

பயனிஹானின் புகழ்பெற்ற ஆட்டம் 'சிங்கில்'. மிண்டனாவ் தீவின் லனாவ் ஏரிக்கரையில் வாழும் மரானாவ் முஸ்லிம் மக்களின் நடனம் அது. அவர்களது 'டராங்கென்' காப்பியத்தில் வரும் இளவரசி ஒருத்தி, நிலம் அதிர்ந்து மரங்கள் சாயும் காட்டில் எதற்கும் அஞ்சாமல் நடந்து செல்லும் காட்சியோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. 2005இல் யுனெஸ்கோ மானுடத்தின் தலைசிறந்த வாய்மொழி மரபுகளுள் ஒன்றாக அறிவித்த காப்பியம் இது. சாயும் மரங்களுக்குக் குறியீடாகக் குறுக்கும் நெடுக்குமாக வைத்த மூங்கில்கள் மோதிக்கொண்டிருக்க, கைகளில் விசிறிகளோடு ஒரு பெண் குனிந்து பாராமல் அவற்றுக்கிடையே நடந்து வருவாள். பின்னால் ஒருத்தி குடைபிடித்து வருவாள். வரிசையாக அடுக்கிய 'குலின்டாங்' வெண்கலச் சேகண்டிகளில் இசை எழும்.

மரானாவ் மக்களிடையே இது உயர்குடிப் பெண்களின் நளினத்தைக் காட்டும் ஆட்டம். முகத்தில் உணர்ச்சி காட்டாமையும் அவசரமின்மையும் அங்கே உயர்குடித்தனத்தின் அடையாளங்கள். அரங்க வடிவத்தில் வாளும் கேடயமும் ஏந்திய இளவரசன் சேர்ந்தான். துணைப் பெண்கள் அணியாகச் சேர்ந்தனர். மூங்கில்களின் எண்ணிக்கை கூடியது. முடிவில் வேகம் உச்சம் தொட்டது. தங்கள் நடனத்தில் இவை இல்லை என்றும், தெற்கின் பல்வேறு சமூகங்களை 'முஸ்லிம் தொகுதி' என்ற ஒரே மூட்டையில் கட்டுவது பிழை என்றும் மரானாவ் அறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இந்த எதிர்ப்பை வெறும் தூய்மைவாதம் என்று தள்ளிவிட இயலாது. மாற்றியவர்கள் மணிலாவின் கிறித்தவப் பெரும்பான்மையினர். மாற்றப்பட்டது, அந்த மையத்தோடு நூற்றாண்டுக் கணக்கில் மோதிவந்த சிறுபான்மையினரின் கலை. 1970களில் மிண்டனாவில் ஆயுதப் போராட்டம் மூண்டிருந்த அதே ஆண்டுகளில், உலக மேடைகளில் முஸ்லிம் இளவரசி நாட்டின் ஒற்றுமைக்குச் சான்றாக ஆடிக்கொண்டிருந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிலிப்பைன்ஸ் வம்சாவளி மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் பண்பாட்டு இரவுகளிலும் இந்த ஐந்து தொகுதிகளே வார்ப்பாக அமைந்துவிட்டன. தம் முன்னோர் ஒருபோதும் ஆடியிராத நடனத்தைத் தம் வேர் என்று நம்பி ஆடும் நிலை அங்கே வந்தது.

ஒபுசான் எடுத்த மாற்றுவழி

இக்கேள்விக்கு மேடைக்குள்ளிருந்தே விடை தேடியவர் ரமோன் ஒபுசான். பயனிஹானில் ஆடி, அதற்காகக் கள ஆய்வும் செய்தவர், 1972இல் தமக்கென ஒரு நாட்டார் கலைக்குழுவைத் தொடங்கினார். அவரது கொள்கை எளியது: மூல நிகழ்வுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவது. சடங்கு நீளமாக இருந்தால் நீளமாகவே இருக்கட்டும். இசை ஒரே சீராக ஒலித்தால் அப்படியே ஒலிக்கட்டும். கிராமத்து முதியவர்களை வரவழைத்துத் தம் குழுவினரோடு மேடையில் நிறுத்தினார். பல ஆண்டுகள் சேகரித்த ஒளிப்பதிவுகளும் உடைகளும் கருவிகளும் அவரது வீட்டை ஏறக்குறைய ஒரு காப்பகமாகவே ஆக்கியிருந்தன. 2006இல் தேசியக் கலைஞர் தகுதி பெற்ற அவர், அதே ஆண்டின் இறுதியில் மறைந்தார்.

ஆனால் மேடையேறிய எந்தச் சடங்கும் சடங்காக இருப்பதில்லை. நோயாளி இல்லாத இடத்தில் நிகழும் குணமாக்கும் ஆட்டம், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், நடிப்புதான். ஒபுசானின் வழி மேலானது என்று நான் கருதுவதற்குக் காரணம் அதன் தூய்மை அல்ல. அந்த நடனத்துக்குரியவர்களை அவர் மேடைக்கு அழைத்தார் என்பதே.

பாலேயோடு நேர்ந்த கலப்பு

மூன்றாவது வழி, மரபை அப்படியே காட்டுவதாகச் சொல்லாமலே புதியதைப் படைப்பது. லியோனோர் ஒரோசா கோகிங்கோ இவ்வழியின் முன்னோடிகளுள் ஒருவர். 1961இல் 'பிலிப்பினெஸ்காஸ்' என்ற தலைப்பில் நாட்டின் வாழ்வையும் தொன்மங்களையும் பாலே மொழியில் தொகுத்தார். 1976இல் தேசியக் கலைஞரானார்.

நாட்டார் நடனக் கலைஞரின் மகளாகப் பிறந்து அமெரிக்காவில் நவீன நடனம் பயின்ற ஆலிஸ் ரேயெஸ், மணிலா விரிகுடாவில் கடலைத் தூர்த்து எழுப்பிய பண்பாட்டு மையம் 1969 செப்டம்பரில் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1970இல் அங்கே ஒரு நடனக் குழுவை உருவாக்கினார். 'பாலே பிலிப்பைன்ஸ்' என்று பின்னர் அறியப்பட்ட குழு அதுவே. அவரது படைப்புகளில் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது 1980இல் மேடையேறிய 'ராம ஹரி'. ரையன் கயாப்யாப் இசை, பியென்வெனிடோ லும்பெரா பாடல்கள், சால்வடோர் பெர்னால் அரங்க வடிவமைப்பு. இராமனையும் சீதையையும் ஆடுவதற்கு ஒருவர், பாடுவதற்கு மற்றொருவர் என இரட்டை வேடமுறை அதில் கையாளப்பட்டது. இராமகாதை அந்நாட்டுக்கு வெளியிலிருந்து அப்போதுதான் வந்த சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. மரானாவ் மக்களிடையே 'மகாராடியா லவானா' என்ற பெயரில் இராவணனின் கதை வழங்குவதை இந்தியவியல் அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ 1960களின் இறுதியில் பதிவு செய்திருந்தார்.

டாவாவைச் சேர்ந்த அக்னெஸ் லோக்சின் இன்னும் ஓரடி தள்ளிச் சென்றார். பழங்குடி நடனங்களின் வளைந்த முழங்காலையும் தரையை நோக்கிய எடையையும் எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்தே ஒரு நவீன உடல்மொழியை அமைத்தார். ஜோயி அயாலாவின் இசையில் அமைந்த 'என்காந்தாதா' அதன் முதன்மைச் சான்று. ஆலிஸ் ரேயெஸ் 2014இலும் லோக்சின் 2022இலும் தேசியக் கலைஞராயினர்.

நாடகம்: சட்டத்தோடு மோதிய மேடை

நாடகத்தின் கதை வேறு தடத்தில் சென்றது. நடனத்தில் யாருடைய மரபு என்பது கேள்வியென்றால், நாடகத்தில் எந்த மொழியில், யாருக்கு எதிராக என்பது கேள்வி.

1902 ஜூன் மாதம் மணிலாவில் செவெரினோ ரேயெஸின் 'வாலாங் சுகாட்' மேடையேறியது. புரட்சியில் சேர்ந்த டென்யோங், தன் காதலி ஹூலியாவுக்கு வேறொருவனோடு நடக்கவிருந்த திருமணத்தின் போது குற்றுயிராகத் தூக்கிவரப்படுகிறான். சாவதற்கு முன் அவளை மணந்துகொள்ள விரும்புகிறான். எப்படியும் சாகப்போகிறவன்தானே என்று எல்லாரும் இசைகின்றனர். சடங்கு முடிந்ததும் எழுந்து நிற்கிறான், உடலில் காயமே இல்லை. ஸ்பானியப் பாதிரிமாரின் கொடுமையைக் காட்டிய இந்தச் சர்சுவேலா அமெரிக்க அதிகாரிகளை நேரடியாகச் சீண்டவில்லை. ஆயினும் அந்நிய ஆட்சியைப் பற்றிப் பேச மேடை ஏற்ற இடம் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

அடுத்து வந்தவர்கள் நேரடியாகவே மோதினர். விடுதலையை ஆதரித்துப் பேசுவதையே குற்றமாக்கிய 1901ஆம் ஆண்டின் ராஜதுரோகச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆகவே நாடகாசிரியர்கள் பாத்திரங்களைக் குறியீடுகளாக்கினர்: தாய்நாடு ஒரு தாய், அந்நிய அரசு ஒரு முறையற்ற மணமகன். வெவ்வேறு நிற உடையணிந்த நடிகர்கள் ஒரு கணம் வரிசையாக நின்றால் புரட்சிக் கொடியின் தோற்றம் மேடையில் விரியும். தணிக்கையாளர் விழிப்பதற்குள் அணி கலைந்துவிடும். 1903 மே 14 அன்று அவுரேலியோ டொலெண்டினோவின் 'நேற்று, இன்று, நாளை' என்ற நாடகத்தில் அமெரிக்கக் கொடியை மிதிக்க வேண்டிய காட்சி வந்தது. நடிகர் தயங்கவே, டொலெண்டினோவே மேடையேறி அதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் கைதாகித் தண்டிக்கப்பட்டார்.

இந்த மேடையின் குரலாக விளங்கியவர் ஹொனோராட்டா 'அடாங்' டெ லா ராமா. ஏழு வயதில் ஸ்பானியச் சர்சுவேலாக்களில் பாடத் தொடங்கியவர், பதினைந்தாம் வயதில் ஹெர்மோகெனெஸ் இலாகனின் 'தலாகாங் புகிட்' நாடகத்தில் பூ விற்கும் பெண்ணாக நடித்துப் புகழ்பெற்றார். அந்நாடகம் 1919இல் திரைப்படமாகி, ஒரு பிலிப்பினோ இயக்கிய முதல் முழுநீளப் படமாயிற்று. படம் மௌனப் படம். எனவே திரையிடும் அரங்கில் அடாங்கே நேரில் நின்று பாட்டைப் பாடினார். சினிமாவும் 'போதாபில்' என்ற பல்சுவை நிகழ்ச்சிகளும் சர்சுவேலாவை விழுங்கிய பிறகும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. மணிலா அரங்குகளோடு நிற்காமல் ஊர்ச் சதுக்கங்களிலும் சேவல் சண்டைக் களங்களிலும் மலைவாழ் மக்களிடையேயும் பாடினார். 1987இல் தேசியக் கலைஞர் ஆனார்.

ஆங்கிலவழிப் பள்ளிகள் அடுத்த தலைமுறையை ஆங்கிலத்தில் எழுதவைத்தன. லாம்பெர்ட்டோ அவெல்லானாவும் டெய்சி ஹொன்டிவெரோஸும் 1939இல் தொடங்கிய பாராங்காய் நாடகக் குழு, வில்ஃப்ரிடோ மரியா கெரெரோவின் ஊர் ஊராகச் சென்ற பல்கலைக்கழக நடமாடும் அரங்கு, செவெரினோ மொன்டானோவின் வட்டரங்கு ஆகியவை இக்காலத்தின் பெயர்கள். 1960களில் அலை திரும்பியது. ரொலாண்டோ டினியோ ஷேக்ஸ்பியரையும் செக்காவையும் ஆர்தர் மில்லரையும் டகாலோகில் பெயர்த்து நடத்தி, உலக நாடகத்தின் எந்த உணர்ச்சியையும் அம்மொழி தாங்கும் என்று மெய்ப்பித்தார். பருத்தித் துணியையும் மூங்கிலையும் பிரம்பையும் சணல்போன்ற அபகா நாரையும் கொண்டு சால்வடோர் பெர்னால் அரங்கப் பொருள்களையும் உடைகளையும் வடிவமைத்தார். வெல்வெட்டும் பட்டும் வாங்கப் பணமில்லாத நிலை, அவரது கையில் ஓர் அழகியலாயிற்று.

1967இல் செசில் கிடோட் நிறுவிய 'பெட்டா' என்ற பிலிப்பைன்ஸ் கல்விசார் நாடகச் சங்கம், தேசிய வீரர் ஹோசே ரிசால் சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன் சிறைவைக்கப்பட்டிருந்த சந்தியாகோ கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே திறந்தவெளி அரங்கு அமைத்துக்கொண்டது. 1972இல் இராணுவச் சட்டம் வந்ததும் கிடோட் நாட்டைவிட்டு வெளியேறினார். திரைப்பட இயக்குநர் லினோ புரோக்கா உள்ளிட்டோர் சங்கத்தைத் தொடர்ந்து நடத்தினர். பெட்டா செய்த நிலையான காரியம் நாடகங்கள் மட்டுமல்ல. உடலசைவு, ஒலி, ஓவியம், எழுத்து, நடிப்பு அனைத்தையும் ஒன்றாகக் கற்பிக்கும் பயிற்சிப் பட்டறையை வகுத்து, மாகாணங்களுக்குக் கொண்டுசென்று, உழவர்களும் தொழிலாளர்களும் மாணவர்களும் தம் கதையைத் தாமே நாடகமாக்க வழிசெய்தது. விரிகுடாக் கரையில் முதல் பெண்மணி இமெல்டா மார்கோஸின் ஆதரவில் பளிங்கு மையம்; சில கிலோமீட்டர் தொலைவில் கூரையில்லாக் கோட்டையில் எதிர்ப்பு நாடகம். ஒரே பத்தாண்டு, ஒரே நகரம். இரண்டிலும் பணியாற்றிய கலைஞர்களும் இருந்தனர் என்பதால், ஒருபுறம் அரசவைக் கலை மறுபுறம் மக்கள் கலை என்று கோடு கிழிப்பது அவ்வளவு எளிதன்று.

2009இல் விருது நீதிமன்றம் சென்ற கதை

இதே செசில் கிடோட்-அல்வாரெஸின் பெயரில்தான் விருதின் பெரும் சர்ச்சையும் எழுந்தது. நடைமுறைப்படி தேசியப் பண்பாட்டு, கலை ஆணையமும் பண்பாட்டு மையமும் பல கட்டப் பரிசீலனைக்குப் பின் பெயர்களைப் பரிந்துரைக்கும்; குடியரசுத் தலைவர் வழங்குவார். 2009இல் அப்போதைய தலைவர் குளோரியா அரோயோ, பரிந்துரைக்கப்பட்ட இசையமைப்பாளர் ரமோன் சாண்டோஸை விட்டுவிட்டு, இந்தப் பரிசீலனையைக் கடந்து வராத நால்வரைச் சேர்த்தார். அவர்களில் கிடோட்-அல்வாரெஸ் அப்போது அதே ஆணையத்தின் நிர்வாக இயக்குநர். ஆணையத்தின் பணியாளர்கள் விருதுக்கு முன்மொழியப்படக் கூடாது என்பது விதி. முன்பே விருது பெற்ற கலைஞர்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தலைவர் தம் அதிகாரத்தை வரம்பு மீறிப் பயன்படுத்தினார் என்று கூறி நால்வரின் விருதையும் செல்லாததாக்கியது.

இத்தீர்ப்பைப் பெட்டாவின் நிறுவனரது பங்களிப்பு குறித்த தீர்ப்பாகப் படிப்பது தவறு. நீதிமன்றம் ஆராய்ந்தது வழங்கிய முறையை மட்டுமே. அந்நால்வரில் ஒருவரான கட்டடக் கலைஞர் பிரான்சிஸ்கோ மன்யோசா பின்னர் உரிய வழியில் பரிசீலிக்கப்பட்டு 2018இல் தேசியக் கலைஞராக அறிவிக்கப்பட்டார். விடுபட்ட சாண்டோஸுக்கும் 2014இல் கிடைத்தது.

உரிமை யாருக்கு?

இன்று தீராமல் நிற்பது சொத்துரிமைக் கேள்வி. 1997இல் பிலிப்பைன்ஸ் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஜூன் மாதம் வந்த அறிவுசார் சொத்துச் சட்டம் நடன அமைப்புகளைப் பதிப்புரிமைக்குரிய படைப்புகளாகக் கொள்கிறது. அந்த உரிமை படைத்தவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். அக்டோபரில் வந்த பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம், ஒரு சமூகத்தின் பண்பாட்டுச் சொத்தை அதன் முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல் எடுப்பதை உரிமை மீறலாகக் கருதுகிறது.

முதல் சட்டத்தின்படி, மலைக்கிராமம் ஒன்றின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மணிலாவில் ஒருவர் அமைக்கும் மேடை வடிவத்துக்குப் பெயருள்ள உரிமையாளர் உண்டு. இரண்டாவதின்படி, மூல ஆட்டத்துக்கு ஒப்புதல் தரவேண்டிய ஒரு சமூகம் உண்டு. ஆனால் பயனிஹானின் ஐந்து தொகுதிகள் இவ்விரு சட்டங்களுக்கும் நாற்பது ஆண்டுகள் மூத்தவை. அவற்றை ஆடும் பள்ளிகளும் வெளிநாட்டுக் குழுக்களும் யாரிடமும் ஒப்புதல் கேட்டதில்லை. கேட்க நினைத்தாலும், பல தலைமுறைக் கைமாற்றத்துக்குப் பின் எந்த ஊரைப் போய்க் கேட்பது என்பது ஏட்டில் குறிக்கப்படவில்லை. பிரான்சிஸ்கா ரேயெஸ் அகினோவின் நூல்கள் நடனம் கிடைத்த மாகாணத்தைக் குறிக்கின்றன. மேடைத் தொகுதிகளில் மிஞ்சியது பெரும்பாலும் தொகுதியின் தலைப்பு மட்டுமே. ஆகவே மிண்டனாவிலும் கார்டியேராவிலும் உள்ள இளம் ஆய்வாளர்கள் இன்று முதலில் செய்யவேண்டியிருப்பது, ஒவ்வோர் ஆட்டமும் எந்த ஊரில், யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதைப் பழைய களக்குறிப்புகளைக் கொண்டு மீட்டெடுக்கும் வேலை.